ரேடியோவில் சேருவது எப்படி? ஒரு நூற்றாண்டுக் கதை

நம் குடியிருப்பில் பொங்கல் விழா, சுதந்திர தினம் என்று எது நடந்தாலும் மைக் பிடிக்க ஒரு பிள்ளை முன்னால் வந்துவிடும். எழுதி வைத்துக்கொள்ளாமல், திக்காமல், திணறாமல் பேசும். கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாம் எல்லோரும், “நீ ரேடியோவில் சேரலாமே!” என்று சொல்லிவிட்டு, சுண்டல் வரிசைக்குப் போய்விடுவோம். எப்படிச் சேருவது என்று அந்தப் பிள்ளை திருப்பிக் கேட்டால் உங்களில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. ரேடியோ நிலையத்தின் வாசல் எல்லாக் காலத்திலும் ஒரே இடத்தில் இருந்ததில்லை. நல்ல குரல் உள்ளவர்கள் வரிசையில் நின்று, குரலைக் காட்டி, வேலை வாங்கிக்கொண்டு போனார்கள் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பழைய ஒலிபரப்பாளர்களின் கதைகளைப் பார்த்தால் பெரும்பாலும் அப்படி நடக்கவில்லை. ஒவ்வொரு காலத்திலும் ரேடியோவுக்கு வேறு ஏதோ ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. அதைக் கையில் வைத்திருந்தவர்தான் உள்ளே போனார்.

தொடக்கம் நம் ஊரில்தான். 1924 மே 16 அன்று சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியில் ‘மெட்ராஸ் பிரசிடென்ஸி ரேடியோ கிளப்’ உருவானது. இங்கிலாந்திலிருந்து கருவியின் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி, அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பையும் ஆரம்பித்துவிட்டார்கள். சம்பளத்துக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் இல்லை அது, ஆர்வலர்களின் சங்கம். நம் அசோசியேஷன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். சங்கங்களுக்கு வரும் வியாதி அதற்கும் வந்தது: கையில் காசு இல்லை. 1927-இல் மூடிவிட்டு, கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள்.

மாநகராட்சி அதைக் கிடங்கில் போட்டுப் பூட்டிவிடவில்லை என்பது இன்றைக்கு நினைத்தாலும் வியப்புதான். 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்தியது. மாலையில் இசை, மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதைகள், பாடங்கள். வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு என்பதால் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். சொத்து வரிக்காக நாம் ஏறி இறங்கும் மாநகராட்சிதான், எட்டு ஆண்டுகள் ஊருக்குப் பாட்டும் போட்டது. அந்தக் காலத்தில் உள்ளே போனவர்கள் பாடகர்கள், வாத்தியக்காரர்கள், ஆசிரியர்கள். ‘அறிவிப்பாளர்’ என்று ஒரு பிழைப்பு உண்டு என்பதே யாருக்கும் தோன்றியிருக்காது.

பிறகு அரசாங்கம் வந்தது. பி.பி.சி.யிலிருந்து வந்த லயனல் ஃபீல்டன் தலைமையில் 1936-இல் ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்ற பெயர் வந்தது. 1938 ஜூன் 16 அன்று சென்னை நிலையம் எழும்பூரில் தொடங்கியது. ராஜாஜி அப்போது மாகாணப் பிரதமர். மறு ஆண்டு மே 16 அன்று திருச்சி. 1947-இல் நாடு பிரிந்தபோது இந்தியாவின் பங்குக்கு வந்தவை மொத்தம் ஆறே நிலையங்கள்: தில்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ, சென்னை, திருச்சி. ஆறில் இரண்டு தமிழ் நிலையங்கள். பம்பாய்க்காரருக்கும் கல்கத்தாக்காரருக்கும் ஒரு வாசல் என்றால் தமிழருக்கு இரண்டு வாசல்.

ஆனால் வாசலுக்குள் போனவர்களின் நிலைமை நாம் நினைப்பதுபோல் இல்லை. கோப்பு பார்க்கிறவர், கணக்கு எழுதுகிறவர் அரசு ஊழியர். வீணை வாசிக்கும் நிலைய வித்துவான், நிகழ்ச்சி அறிவிக்கிறவர், செய்தி வாசிக்கிறவர், நாடகம் நடிக்கிறவர் எல்லோரும் ‘ஸ்டாஃப் ஆர்ட்டிஸ்ட்’. அதாவது ஒப்பந்தக்காரர்கள். ஊரே யாருடைய குரலைக் கேட்டு எழுந்ததோ அவருக்கு, அந்த அலுவலகத்தின் எழுத்தருக்கு இருந்த பணிப் பாதுகாப்பு இல்லை. 1980-களில்தான் அவர்களை அரசு ஊழியராக்கும் வழி பிறந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்ப வரும்.

‘மகாநதி’ படத்தில் சிறைக்குள் கமல்ஹாசனுக்குத் துணையாக வரும் பெரியவரை மறந்திருக்க மாட்டீர்கள். பூர்ணம் விஸ்வநாதன். நம்மில் பலருக்கு அவர் நடிகர். நம் பெற்றோர் தலைமுறைக்கு அவர் தில்லியிலிருந்து வந்த குரல். 1947 ஆகஸ்ட் 15 அதிகாலையில், நாடு சுதந்திரம் அடைந்த செய்தியைத் தமிழில் வாசித்தவர் அவர். தில்லியில் தமிழ்ச் செய்தி வாசிக்க என்ன வேண்டியிருந்தது தெரியுமா? குரல் இரண்டாவதுதான். முதலில் வேண்டியது மொழிபெயர்ப்பு. செய்தி ஆங்கிலத்தில் வரும். வாசிக்கிறவரே அதைத் தமிழாக்க வேண்டும், அதுவும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. அந்தப் பதவியின் பெயரே ‘செய்தி வாசிப்பாளர் மற்றும் மொழிபெயர்ப்பாளர்’. நாடாளுமன்றத்தில் வந்த மசோதா, ஐ.நா.வில் வந்த தீர்மானம், வாய்க்குள் நுழையாத ஊர்ப் பெயர்கள் எல்லாவற்றையும், வயலில் நிற்பவருக்கும் புரியும் தமிழில் சில நிமிடங்களில் கொண்டுவர வேண்டும். இன்று நாம் தயங்காமல் சொல்லும் அரசியல், நிர்வாகச் சொற்கள் பலவும் பத்திரிகை மேசைகளில் மட்டும் பழகி வந்தவை அல்ல. அந்தச் செய்தி அறையின் அவசரத்திலும் பழகி வந்தவை.

அதே வாசல் வழியாகத்தான் சரோஜ் நாராயணசுவாமி வந்தார். தஞ்சாவூர்க் குடும்பம், பிறந்து வளர்ந்தது பம்பாயில், தில்லியில் வங்கி வேலை. 1960-களின் தொடக்கத்தில் வானொலிக்கு மாறினார். தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த முதல் பெண் குரல் என்று அவரைச் சொல்வார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாசித்தார். “செய்திகள், வாசிப்பது…” என்று கேட்டவுடன் காபி டம்ளரைக் கீழே வைத்த வீடுகள் எத்தனை! ஒன்றை யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் வளராத ஒரு பெண், தமிழ்நாட்டின் செய்திக் குரல் ஆனார். ஊரில் இருந்தவர்களைவிடக் கவனமாக அவர் தமிழைப் பழகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அவர் 2022 ஆகஸ்டில் மும்பையில் காலமானார்.

1950-களில் இன்னொரு வாசல் திறந்தது. எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் தயாரிப்பாளர்களாக எடுக்கும் திட்டத்தை வானொலி கொண்டுவந்தது. பேச்சுக்கும் நாடகத்துக்கும் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும், அவ்வளவுதான் காரணம். தி. ஜானகிராமன் சுமார் பத்து ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு, சென்னை வானொலியின் கல்வி ஒலிபரப்புக்கு வந்தார். 1968-இல் தில்லிக்கு மாறினார். ‘மோகமுள்’ எழுதியவர் என்று நாம் அறிந்தவருக்கு மாதச் சம்பளம் கொடுத்தது பள்ளிப் பிள்ளைகளுக்கான வானொலிப் பாடம். அகிலன் ரயில்வே தபால் பிரிவில் கடிதம் பிரித்தவர்; பிறகு முழுநேர எழுத்து; அதன் பிறகு சென்னை வானொலி. மீ.ப. சோமுவும் வானொலிக்காரர். இவர்களில் யாரும் ‘நான் குரல் வளம் உள்ளவன்’ என்று விண்ணப்பித்து வந்தவர்கள் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த வாசல் திருச்சியில் திறந்தது. 1960-களின் நடுவில் உணவுப் பஞ்சம். புதிய நெல் ரகங்களை விவசாயிகளிடம் கொண்டுபோக வேண்டும். 1966-இல் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் தொடங்கின. தஞ்சாவூர் வயல்களுக்குப் பொறுப்பு திருச்சி நிலையம். நாற்றங்கால் எப்போது, உரம் எவ்வளவு, பூச்சி வந்தால் என்ன என்று ஒலிபெருக்கி நாள்தோறும் சொன்னது. ஆடுதுறை 27 என்ற ரகம் காவிரிப் படுகையில் பரவியபோது விவசாயிகள் அதற்கு வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. ஆராய்ச்சி நிலையம் வைத்த எண் யாருக்கும் வாயில் நிற்கவில்லை. எதன் மூலம் வந்ததோ அதன் பெயரே நெல்லுக்கு ஆகிவிட்டது. இந்த வேலைக்கு வானொலி யாரைத் தேடியிருக்கும்? வேளாண்மை படித்தவர்களை. பட்டம் மட்டும் போதாது, கிராமத்து வரப்பில் நின்று பேசி அதைப் பதிவு செய்துகொண்டு வரவும் தெரிய வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு குரல் நினைவுக்கு வந்திருக்கும். தென்கச்சி கோ. சுவாமிநாதன். அவரும் வேளாண் பட்டதாரிதான். 1977-இல் திருநெல்வேலி நிலையத்தில் சேர்ந்து, பிறகு சென்னைக்கு வந்தார். ‘இன்று ஒரு தகவல்’ அவரை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோனது. அந்தக் குரலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கம்பீரம் இல்லை. ஏற்ற இறக்கம் இல்லை. இன்றைய குரல் தேர்வு ஒன்றில் பெயர் சொல்லாமல் அந்தக் குரலைப் போட்டால், முதல் நிமிடத்திலேயே ‘அடுத்தவர்’ என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரர் கதை சொல்வதுபோல், சிரிப்பை நமக்கு விட்டுவிட்டு அவர் பாட்டுக்கு முடித்துவிடுவார்.

கடல் தாண்டிய கதை ஒன்றும் இருக்கிறது. 1952-இல் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சர் பி.வி. கேஸ்கர் திரையிசைக்குக் கடிவாளம் போட்டார். நேயர்கள் முள்ளைத் திருப்பிக் கொழும்புக்குப் போனார்கள். இலங்கை வானொலிக்குப் போர்க்காலத்தில் வந்த சக்தி வாய்ந்த ஒலிபரப்புக் கருவி இருந்தது. தமிழ்நாட்டில் துல்லியமாகக் கேட்டது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று பெயர்களை அடுக்கினால் அறுபது தாண்டியவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ராஜேஸ்வரி சண்முகம் வானொலி நாடக நடிகையாக வந்து அறிவிப்பாளர் ஆனவர். அப்துல் ஹமீத் சிறுவர் நிகழ்ச்சியில் பங்கேற்ற பையன். ‘சானா’ என்று அழைக்கப்பட்ட சண்முகநாதன் போன்ற நாடகத் தயாரிப்பாளர்கள் அங்கே இருந்தார்கள். நாடகம் என்றால் ஒரு மைக்கைச் சுற்றிப் பலர் நிற்க வேண்டும். எப்போது நெருங்குவது, எப்போது விலகுவது, காகிதத்தைச் சத்தமில்லாமல் எப்படிப் புரட்டுவது என்பதெல்லாம் அங்கேயே கைக்கு வந்துவிடும். அறிவிப்பாளர் வேலை பிறகு வந்தது.

அதே இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பில் புகழ்பெற்ற அமீன் சயானி, முதலில் ஆல் இந்தியா ரேடியோவின் இந்திக் குரல் தேர்வில் தேறவில்லை. உச்சரிப்பில் ஆங்கிலமும் குஜராத்தியும் தெரிகிறது என்றார்களாம். 1952 டிசம்பரில் ‘பினாக்கா கீத்மாலா’ தொடங்கியபோது அவருக்குக் கிடைத்தது வாரத்துக்கு 25 ரூபாய்.

அந்தக் குரல் தேர்வையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். நம் நிலையங்களில் முதலில் எழுத்துத் தேர்வு உண்டு. அதில் தேறினால் கண்ணாடிக்கு அப்பால் உட்காரவைத்து, முன்பின் பார்க்காத காகிதத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். ல, ள, ழ மூன்றும் மூன்றாகக் கேட்கிறதா? ‘பரவை’யும் ‘பறவை’யும் வேறாக ஒலிக்கிறதா? மூச்சு எங்கே எடுக்கிறீர்கள், அது மைக்கில் விழுகிறதா? பிறகு ஒரு கச்சேரி அறிவிப்பு: ராகம், தாளம், இயற்றியவர். ராகத்தின் பெயரைத் தப்பாகச் சொன்னால் நிலையத்துக்குக் கடிதம் எழுத மயிலாப்பூரிலும் கும்பகோணத்திலும் ஆட்கள் தயாராக இருந்த காலம் அது. பாடகர்களுக்கும் தேர்வு உண்டு, தரவரிசை உண்டு. 1950-களில் இதைக் கொண்டுவந்தபோது, மேடையில் பெயர் பெற்ற வித்துவான்கள் நாங்களும் தேர்வு எழுதுவதா என்று கோபப்பட்டதும் வரலாறு.

தேர்வில் தேறினால் வேலையா? இங்கேதான் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன விஷயம் திரும்ப வருகிறது. ஸ்டாஃப் ஆர்ட்டிஸ்டுகள் நிரந்தரமானார்கள். ஆனால் அவர்கள் ஓய்வு பெற்றுப் போகப் போக, அந்த நாற்காலிகளில் புதிய நிரந்தர ஆட்கள் அவ்வளவாக உட்காரவில்லை. 1997-இல் பிரசார் பாரதி வந்த பிறகும் நிலைமை மாறவில்லை. பகுதி நேர அறிவிப்பாளர்கள் வந்தார்கள். இவர்களுக்கும் அதே எழுத்துத் தேர்வு, அதே குரல் தேர்வு. அதன் மேல் ‘வாணி’ என்ற பயிற்சிச் சான்றிதழ் வேறு. கூப்பிட்ட நாளுக்கு மட்டும் பணம். மாதத்துக்கு ஆறு முறைக்கு மேல் கூப்பிடக் கூடாது என்று ஒரு வரம்பு. தொடர்ந்து வேலை செய்தேன் என்று நிரந்தரம் கேட்டுவிடக் கூடாது அல்லவா! கேட்கத்தான் செய்தார்கள். தீர்ப்பாயம், நீதிமன்றம் என்று நாடு முழுவதும் வழக்குகள் நடந்தன. பத்து, இருபது ஆண்டுகள் பேசிய குரல்கள், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த குரல்கள், கடைசிவரை பட்டியலில் ஒரு பெயராகவே இருந்தன. பள்ளி ஆசிரியர், கல்லூரி விரிவுரையாளர், வங்கி ஊழியர் என்று வேறு சம்பளம் உள்ளவர்களே இதில் தாக்குப்பிடிக்க முடிந்தது. இதை வாசிக்கும் பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்பேன்.

“எஃப்.எம். இருக்கிறதே” என்பீர்கள். இந்தியாவில் எஃப்.எம். ஒலிபரப்பு முதலில் வந்தது நம் சென்னையில்தான், 1977 ஜூலை 23 அன்று. அப்போது அதுவும் அரசு வானொலி. ஒலி அலைகள் பொதுச் சொத்து, அரசின் தனிச் சொத்து இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. அதன் பின் ஏலம். 2001 ஜூலையில் பெங்களூரில் முதல் தனியார் நிலையம். 2003-இல் சென்னையில் தனியார் நிலையங்கள். ஆரம்பத்தில் உரிமக் கட்டணமே நிலையங்களை அழுத்தியது. 2005-இல் அதை வருவாயில் 4 சதவீதம் என்று மாற்றிய பிறகு ஊருக்கு ஊர் நிலையம் வந்தது. ஒரு பத்து ஆண்டுகள் ‘ஆர்.ஜே.’ என்பது கல்லூரிப் பிள்ளைகளின் கனவு வேலை.

இந்தக் காலத்துக்குத் தேவைப்பட்டது முற்றிலும் வேறு. தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை. ஆகவே மொழிபெயர்ப்பு வேண்டாம். ராகம் வேண்டாம், ரேடியோ நெல் வேண்டாம். நாலு மணி நேரம் போக்குவரத்து நெரிசலில் நிற்கிறவரோடு சளைக்காமல் அரட்டை அடிக்க வேண்டும், விளம்பரதாரரின் பெயரை இடையில் நுழைக்க வேண்டும். அதுவும் ஒரு திறமைதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ழகரம் போனது போனதுதான். இன்னொரு வேடிக்கை பாருங்கள்: அரசு வானொலியில் நிலையத்தின் பெயருக்குப் பின்னால் ஆள் மறைந்துவிடுவார். இங்கே நிலையத்தின் பெயர் ஆளுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. மிர்ச்சி சிவாவை அந்த ‘மிர்ச்சி’ இல்லாமல் யாருக்குத் தெரியும்? 2007-இல் ‘சென்னை 600028’ வந்தபோது, ரேடியோ என்பது சினிமாவுக்குப் போகும் படிக்கட்டு என்று பல பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். இப்போது ஒரே ஆள் பதிவு செய்வதைப் பல ஊர்களுக்குப் போடுகிறார்கள், இரவு நேரத்தைக் கணினி பார்த்துக்கொள்கிறது. இடம் சுருங்கிவிட்டது.

அப்படியானால் நம் விழா மேடைப் பிள்ளைக்கு என்ன சொல்வது? இன்று திறந்திருக்கும் சிறிய வாசல் சமுதாய வானொலி. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4-இல் தொடங்கிய ‘அண்ணா எஃப்.எம்.’ நாட்டிலேயே முதல் வளாகச் சமுதாய வானொலி. 2006-க்குப் பிறகு தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. சம்பளம் பெரிதாக இருக்காது, பல இடங்களில் இருக்கவே இருக்காது. ஆனால் மைக்கும் பதிவுக் கருவியும் கைக்கு வரும். பக்கத்துப் பகுதிப் பெண்களிடம் தண்ணீர் பிரச்சினை பற்றிப் பேசிப் பதிவு செய்து, வெட்டி, ஒட்டி, ஒலிபரப்பும் வரை ஒரே பிள்ளை செய்யலாம். அரசு வானொலியில் இளைஞர்களுக்கு ‘இளையபாரதம்’ என்ற வாசலும் உண்டு. பகுதி நேர அறிவிப்பாளர் பட்டியலுக்கு நிலையங்கள் அவ்வப்போது விண்ணப்பம் கேட்கும். அறிவிப்பு வரும்போது பிள்ளையைக் கண்டிப்பாக எழுதச் சொல்லுங்கள். கூடவே, அது மாதச் சம்பளம் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். தமிழில் பிழையில்லாமல் மொழிபெயர்க்கவும் பழகச் சொல்லுங்கள். வேளாண்மையோ, மருத்துவமோ, சட்டமோ எதைப் படித்தாலும் அதை மூன்று நிமிடத்தில் பாட்டிக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள். நம் நான்கு பிளாக்குகளிலும் ஓய்வு பெற்ற வானொலி ஊழியர்கள், நாடகக் குரல் கொடுத்தவர்கள், பகுதி நேரமாகப் பேசியவர்கள் யாரேனும் இருந்தால் ஆசிரியர் குழுவுக்குத் தெரியப்படுத்துங்கள். பழைய ஒப்பந்தக் கடிதம், ஸ்டூடியோ புகைப்படம் எது இருந்தாலும் சரி. அடுத்த காலாண்டிதழில் அவர்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.